மூன்று கிண்ணம் தண்ணீர்

"அந்தக் கையை மட்டும் விட்டுடும்மா," என்றார் அவர்.

நர்ஸ் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே நிமிர்ந்தாள். முகம் துடைத்தாயிற்று, கழுத்தும் இடக்கையும் துடைத்தாயிற்று. கட்டிலில் உயிரடங்கிக் கிடந்த அம்மையாரின் வலக்கை ஒன்றே எஞ்சியிருந்தது. அது போர்வையின்மேல் உள்ளங்கை விரிந்தவாறு, யாரிடமோ எதையோ கேட்டு வாங்க நீட்டியதுபோல் கிடந்தது.

"எதுக்குங்கய்யா?"

"வேலை இருக்கு. துணி படக் கூடாது. சோப்பு, பவுடர், உன் பாட்டில்ல இருக்கிற மருந்துத் தண்ணி, எதுவும் படக் கூடாது."

நர்ஸ் மகளைப் பார்த்தாள். செய்தி கேட்டு வெளியூரிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த மகள், கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் கதவருகே நின்றாள். தந்தைக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்னும் ஐயம் அவள் முகத்தில் தோன்றியது. மறுகணம் அது மறைந்தது. அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"அப்பா, இன்னைக்குமா?"

"இன்னைக்குன்னுதானே முடிவு பண்ணினோம். நேத்து காலையிலேருந்து அதைப் பட்டினி போட்டிருக்கு," என்று சொல்லிவிட்டு அவர் சமையலறைக்குப் போனார்.

பட்டினி கிடந்தது, கூடத்து மூலையில் நீண்ட கண்ணாடித் தொட்டிக்குள் வாழ்ந்துவந்த ஒரு கெளுத்தி மீன். வாயைச் சுற்றித் தொங்கிய மீசைகளை முன்னிட்டு அதற்கு மீசைக்காரன் என்று பெயர். ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றபோது அம்மையார் உடன் அழைத்து வந்த ஒரே சகா அதுதான். இருவருக்கும் சேர்த்தே பிரிவுபசார விழா நடத்தினார்கள் என்று சொல்லிச் சிரிப்பாள்.

நீரில் வாழும் உயிர்கள் எதை முகர்ந்து, எதைச் சுவைத்து, இது உணவென்று தீர்மானிக்கின்றன என்பதே அவள் ஆயுளைச் செலவிட்ட கேள்வி. நண்டு தன் சிறு கொம்புகளை ஏன் உதறிக்கொண்டே இருக்கிறது? கண்ணுக்கு எட்டாத தொலைவில் செத்துக் கிடக்கும் மீனை நத்தை எங்ஙனம் கண்டுகொள்கிறது? கெளுத்திக்கு நாக்கு எங்கே முடிகிறது? அது முடிவதே இல்லை என்பாள். மீசை தொடங்கி வால் வரை அதன் மேனியெங்கும் சுவை அரும்புகள். "உடம்பெல்லாம் நாக்கு, எங்க அண்ணன் மாதிரி," என்பது அவள் தரும் விளக்கம். தெருவில் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர். அதை நம்பி இருமலோடு வந்தவர்களை, "நான் மீனுக்குத்தான் பார்ப்பேன். செவுள் முளைச்சதும் வாங்க," என்று திருப்பி அனுப்புவாள்.

அவரோ மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். பிறர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தே காலம் கழித்தவர். "உலகத்துல பாதியை நீங்க கண்ணால மட்டும் பார்த்தே கோட்டை விட்டுட்டீங்க, கண்ணாடிக்காரரே," என்று அவள் சீண்டுவாள். "மீதிப் பாதியை நீ மோந்து பார்த்துச் சொல்லு," என்பார் அவர். இப்படியாகக் குடித்தனம் நடந்தது. வாசனைச் சோப்பும் தைலமும் அந்த வீட்டிற்குள் நுழைந்ததில்லை. கையில் ஒட்டும் நறுமணம் தொட்டித் தண்ணீரில் கலந்து சோதனையைக் கெடுத்துவிடும் என்பது சட்டம். மகள், திருமணமாகிப் போன முதல் வாரத்திலேயே கடையிலிருந்த சோப்புகளில் வகைக்கொன்று வாங்கிப் புகுந்த வீட்டுக் குளியலறையில் அடுக்கி வைத்தவள்.

மீசைக்காரன் வீட்டிற்கு வந்த நாள்முதல் கணவன் மனைவிக்கிடையே ஒரு வழக்கு தீராமல் இருந்தது. அவள் தொட்டிக்குள் கையை விட்டால், பானையோட்டின் கீழே பதுங்கியிருக்கும் மீன் உடனே வெளியே வரும். வேறு யார் போய் நின்றாலும் அசையாது. அதன் கண்களில் புரை விழுந்து வெகுகாலம் ஆயிற்று. ஆகையால் பார்த்து வருகிறது என்று சொல்லவும் வழியில்லை.

"அதுக்கு உன்னைத் தெரியுது," என்பார் அவர்.

"என் கையில இருக்கிற தீனி தெரியுது. நான்னு ஒருத்தி அதுக்குக் கிடையாது. வேற கையில தீனியைத் தடவினாலும் வரும்," என்பாள் அவள். தடவிப் பார்த்துவிடுவோமே என்றால், ஒற்றை மீனை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது என்று பேச்சைத் திருப்பிவிடுவாள். அந்த விடைக்கு அவள் கொஞ்சம் அஞ்சினாள் என்பது அவருடைய அந்தரங்கக் கணிப்பு.

நோயில் விழுந்தபின் நிலைமை மாறியது. மாதக்கணக்கில் அவள் தீனியைத் தொடவில்லை. அவர்தான், அதுவும் அவள் கட்டளைப்படி, தம் கைமணம் தீனியோடு சேராதபடி நீண்ட கரண்டியால் போட்டுவந்தார். கடந்த வாரம், இனி ஏற்றிப் பயனில்லை என்று மருத்துவர் ட்ரிப்ஸை நிறுத்திப் பிளாஸ்திரியைப் பிரித்தபோது, அவள் தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கை காலியாச்சு. தீனியும் இல்ல, மருந்தும் இல்ல. இப்பச் செய்யலாம்யா."

"ஒரு மீனு ஆதாரம் ஆகாதும்பியே?"

"ஆதாரத்துக்கு இல்ல. தெரிஞ்சுக்க."

மூன்று கிண்ணம் தொட்டித் தண்ணீர். ஒன்றில் அவள் கை, ஒன்றில் அவர் கை, ஒன்று வெறுந்தண்ணீர். ஒவ்வொன்றாகத் தொட்டியில் விட்டு, மீன் எதற்கு வெளியே வருகிறதென்று பார்ப்பது. நாளைக் காலை முதல் வேலை என்று நேற்று மாலை சொல்லி வைத்தாள். விடியும் வேளையில் போய்விட்டாள்.

அவர் கொதிநீரில் அலசிக் கவிழ்த்துவைத்த கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்து வந்தார். முந்திய நாளே மொண்டுவைத்த தொட்டி நீரை அதில் ஊற்றினார். பிறகு மனைவியின் முழங்கைக்குக் கீழே சுத்தமான துண்டைக் கொடுத்துத் தூக்கி, தம் விரல் எங்கும் படாதவாறு அந்தக் கையை மணிக்கட்டு வரை நீரில் இறக்கினார். இவ்வளவு பக்குவமாகச் செய்ததில் அவருக்குச் சற்றுப் பெருமிதம்கூட உண்டாயிற்று. அவள் பார்த்திருந்தால் குறை சொல்ல ஒன்றுமிராது.

கை நீரில் லேசாக மிதந்தது. அறையிலிருந்த மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மாப்ளே இது கூத்து?"

வாசலில் நின்றவர் அம்மையாரின் அண்ணன். காலைமுதல் எல்லாருக்கும் தொலைபேசியில் செய்தி சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"ஒண்ணுமில்ல மச்சான். உங்க தங்கச்சி ஒரு வேலையைப் பாதியில விட்டுட்டுப் போயிட்டா."

"மத்தியானம் வண்டி வருது. கூடத்துல அத்தனை பேரு உக்காந்திருக்காங்க. செத்தவ கையைக் கிண்ணத்துல ஊற வைக்கிறாருன்னு வெளியில தெரிஞ்சா எம் மூஞ்சியை நான் எங்கே வச்சுக்க?"

"வழக்கமா வைக்கிற இடத்துலயே வையுங்க மாமா," என்றாள் மகள். கைப்பையை இறக்கி நாற்காலியில் வைத்தாள். "அப்பா, எந்தக் கிண்ணம் எதுன்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியக் கூடாது, இல்ல?"

"தெரியக் கூடாது."

"அப்போ நான் ஊத்தறேன். நீங்க மீனைப் பாருங்க."

அவர் மகளின் கைகளைப் பார்த்தார். அவள் புரிந்துகொண்டாள். "க்ரீம் போட்டிருக்கேன். தெரியும். ஏம்மா, உன்கிட்ட கையுறை இருக்கா?" என்று நர்ஸிடம் கேட்டு வாங்கி, அதையும் வெந்நீரில் அலசி மாட்டிக்கொண்டாள்.

அவர் இரண்டாவது கிண்ணத்தில் தம் வலக்கையை அமிழ்த்தி எடுத்தார். மூன்றாவதில் எதுவும் படவில்லை. ஒவ்வொரு கிண்ணத்திலும் பாதி நீரை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுபாதியைத் தனித்தனியே மூடிக் குளிர்பெட்டியில் வைத்தார். கையிருப்பு இல்லாமல் சோதனையில் இறங்காதே என்பதும் அவள் சட்டங்களுள் ஒன்று.

கூடத்தில் துக்கத்திற்கு வந்தவர்கள் வரிசையாக அமர்ந்திருந்தனர். அவர்கள் நடுவே அவர் ஒரு முக்காலியைப் போட்டுத் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். வலப்பக்க மூலையில் துணியொன்றைத் திரையாகத் தொங்கவிட்டு, அதன் மறைவில் மகள் நின்றாள். மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்று திரைக்கடியில் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. பேச்சுக் குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. ஆயினும் கேட்கக் கூடாத ஏதோ ஒன்று என்று எல்லாரும் ஊகித்துக்கொண்டனர்.

"ஊத்தறேன்பா."

சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு பானையோட்டின் விளிம்பில் ஒரு மீசை நீண்டது; அதைத் தொடர்ந்து இன்னொன்று. தட்டையான தலை வெளியே வந்தது. மீசைகள் இடமும் வலமும் துழாவ, மீன் நேரே குழாயடிக்கு நீந்தியது.

"வந்துச்சு," என்றார்.

அது திரும்பிப் போய் ஓட்டின் கீழ் அடங்கும்வரை காத்திருந்தார்கள். இரண்டாம் கிண்ணத்திற்கு ஓட்டின் கீழே அசைவில்லை. "வரலை."

மச்சான், எப்போது எழுந்து வந்தாரோ, முக்காலியின் பின்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தார். "இப்போ?" என்று காதருகே கேட்டார்.

"மூச்சு விடாதீங்க மச்சான்."

மூன்றாவதற்கும் மீசைகள் நீண்டன. மீன் முன்போலவே வந்து, குழாயின் வாயைச் சுற்றிச் சுற்றித் துழாவியது.

"வந்துச்சு."

மகள் திரையை விலக்கினாள். "முதல்ல ஊத்தினது உங்க கை. ரெண்டாவது வெறுந்தண்ணி. மூணாவது அம்மா."

அவர் குழாயடியில் சுற்றிய மீனையே பார்த்தார்.

"வித்தியாசம் ஏதாவது தெரிஞ்சுதா? வேகம், கீகம்?"

"இல்ல. ஒரே மாதிரிதான் வந்துச்சு."

"அப்போ அம்மா சொன்னதுதான். ஆள் தெரியாது. மனுஷக் கைன்னாலே அதுக்குச் சாப்பாடு."

அவர் எழுந்து படுக்கையறைக்குள் போனார். மனைவியின் காதருகே குனிந்து, "நீ சொன்னதுதான்," என்றார். நிமிர்கையில் நர்ஸிடம், "இப்பத் துடைச்சுடலாம்மா," என்றார். வாசலில் வண்டி வந்து நிற்கும் ஓசை கேட்டது.

எல்லாம் முடித்து அவர்கள் வீடு திரும்பியபோது மாலை வெயில் கூடத்துத் தரையில் விழுந்திருந்தது. வழியெல்லாம் அவர் ஒரே கவலையாக இருந்தார். சோதனை முடிந்ததும் பட்டினி கிடந்த உயிருக்கு உணவிடாமல் நகரக் கூடாது. ஏமாற்றி அனுப்பிய பிராணி மறுமுறை உண்மை சொல்லாது என்பாள் அவள். வண்டி வந்த அவசரத்தில் அவர் அதை மறந்துபோயிருந்தார். ஆகவே செருப்பைக் கழற்றியதும் கரண்டியைத் தேடி எடுத்தார்.

நர்ஸ் தன் பொருள்களைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். விடைபெறும்போது ஆறுதலாக ஏதேனும் சொல்ல வேண்டுமென்று நினைத்தாள் போலும். "நீங்க மனசு விட்டுடாதீங்கய்யா," என்றாள். மகளிடம் திரும்பி, "அம்மா தனியாப் போகலைங்க. நேத்து சாயந்திரம் பிடிச்ச கையை ஐயா விடவே இல்ல. ஒரு வாய் காப்பி குடிக்கக்கூட இடது கையைத்தான் நீட்டினாரு," என்றாள்.

கரண்டி பாதி வழியில் நின்றது.

"எந்தக் கை?" என்றார்.

"உங்க வலது கைதாங்க. அதைத்தானே அம்மா பிடிச்சிருந்தாங்க."

அவர் தம் வலக்கையை வெளிச்சத்தில் உயர்த்தி, கீறல் விழுந்த கண்ணாடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு மெல்லச் சிரிக்கத் தொடங்கினார். மச்சான் பதறி, "மாப்ளே, உக்காருங்க," என்றார்.

"கெட்டுப் போச்சு மச்சான். சோதனை கெட்டுப் போச்சு. துண்டு கொடுத்துத் தூக்கினேன், விரல் படாம இறக்கினேன், எல்லாம் பண்ணினேன். நேத்திலேருந்து அவ கை என் கைக்குள்ளயே இருந்ததை மறந்துட்டேன். என் கிண்ணத்துலயும் அவதான் இருந்திருக்கா."

மகள் முதலில் புரிந்துகொண்டாள். "காலையில ஊத்தினது ரெண்டும் அம்மாவா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அதுதான் தெரியலையே."

கரண்டியைக் கீழே வைத்தார். மீன் இன்னும் பசியோடுதான் இருக்கிறது. குளிர்பெட்டியில் அவள் கிண்ணத்தின் மறுபாதி இருக்கிறது. அது நாளைக்குத் தாங்காது. தேவை, அவள் கையைத் தொடாத ஒரு கை.

"என் கையை வச்சுக்குங்க," என்று மச்சான் தாமாகவே முன்வந்தார்.

"நீங்க பொடி போடுறவரு மாமா. மீனு தும்மும்," என்றாள் மகள்.

நர்ஸின் கை மருந்துநீரில் ஊறியது. மகளுடைய கையில், எத்தனை கழுவினாலும் போகாத மல்லிகை மணம் இருந்தது. அவள் அதை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டாள்.

"நானும் அம்மா கையைத் தொடலைப்பா," என்றாள். "காலையில வந்ததும் தொடலாம்னுதான் வந்தேன். நீங்க யாரும் தொடக் கூடாதுன்னுட்டீங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு குளியலறைப் பக்கம் நடந்தார். அவளும் பின்னால் போனாள்.

கழுவுதொட்டியின் ஓரத்தில் மணமற்ற வெள்ளைச் சோப்பு, அம்மையார் கடைசியாக வைத்த இடத்தில், காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் கைகழுவும் முறையை அவள் அவருக்கு எப்போதோ கற்பித்திருந்தாள். முதலில் சோப்பு, பிறகு கல்லுப்பு, விரலிடுக்கும் நகக்கண்ணும் விடாமல் தேய்த்து, ஓடும் நீரில் நெடுநேரம் அலசி, துண்டில் துடைக்காமல் காற்றில் உலர்த்த வேண்டும். அவர் குழாயைத் திறந்தார். நீர் ஓடிக்கொண்டிருந்தது. கை மட்டும் நீருக்கு வெளியே நின்றது.

"வேண்டாம்பா," என்றாள் மகள். "விட்டுடலாம். தெரியாமலே இருக்கட்டும்."

"உங்கம்மா சும்மா விடுவாளா?"

அவர் கையை நீரில் நீட்டினார். சோப்பைத் தேய்த்தார். உப்பைப் போட்டு, உள்ளங்கையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு விரலாகத் தேய்த்தார். அவர் நிறுத்தியபோது மகள், "நகக்கண்ணு," என்று நினைவூட்டினாள். அவர் அதையும் தேய்த்தார். பிறகு இருவரும் சாளரத்தருகே போய், கை உலரும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

புதிய கிண்ணத்தில் தம் கையை நனைத்துக் கொடுத்தார். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த நீர் தொட்டியின் வெதுவெதுப்பிற்கு வரும்வரை காத்திருந்தார்கள். மகள் கையுறை மாட்டித் திரைக்குப் பின்னே போனாள். மச்சான், யாரும் சொல்லாமலே, கூடத்து மின்விசிறியை நிறுத்தினார். காற்றில் நீர் அசைந்தாலும் கெட்டுப்போகும் என்பதைக் காலையில் மூச்சு விடக் கூடாதென்று கேட்டதிலிருந்தே கற்றுக்கொண்டிருந்தார்.

"ஊத்தறேன்பா."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பானையோடு அப்படியே இருந்தது. அதனடியில் செவுளின் அசைவு மட்டும் தெரிந்தது. நெடுநேரம் பார்த்திருந்தும் மீசை நீளவில்லை.

"வரலை."

"அடுத்தது," என்றாள் மகள்.

ஓட்டின் கீழே நிழல் திரும்பியது. மீசைகள் அனைத்தும் ஒருங்கே விரிந்தன. மீன் வெளியே வந்து, எதிலும் முட்டாமல், புரை விழுந்த கண்களோடு நேரே குழாயடிக்குப் போயிற்று. அங்கே நின்று, நீரை வாய்நிறைய எடுத்து எடுத்துச் செவுள் வழியே விட்டது. கிண்ணத்து நீர் தீர்ந்த பின்னும் அது அவ்விடத்தை விட்டு அகலவில்லை.

"வந்துச்சு," என்றார். திரைப் பக்கம் திரும்பி மறுபடியும் சொன்னார்.

திரை விலகியது. மகள் கிண்ணத்தைக் கையில் ஏந்தியவாறே நின்றாள்.

"அம்மா," என்றாள்.

மச்சான் மூக்கைச் சிந்திக்கொண்டு வாசல் பக்கம் போனார். "ஜெயிச்சது நீங்கதான் மாப்ளே," என்று போகிற போக்கில் சொன்னார். அந்த வழக்கில் எதிர்வாதி வீட்டிலில்லை என்பதைச் சொன்ன பிறகே உணர்ந்தார் போலும், திரும்பிப் பார்க்கவில்லை.

தொட்டியில் மீன் இன்னும் குழாயடியிலேயே வட்டமிட்டுக்கொண்டிருந்தது. அவர் எழுந்து தீனிப் பெட்டியைத் திறந்தார். மகள் கரண்டியை எடுத்து நீட்டினாள்.

"வேண்டாம். இனிமே அது எதுக்கு?"

சட்டைக் கையைச் சுருட்டாமலே, ஓர் உருண்டையை விரல் நுனியில் பிடித்துத் தண்ணீருக்குள் கையை இறக்கினார். மீன் நின்றது. பிறகு அடிமண்ணை ஒட்டியே வந்து, உருண்டையைத் தொடுமுன், மீசையால் அவர் கட்டைவிரல் நகத்தைத் தடவியது. அங்கிருந்து விரலிடுக்கு, உள்ளங்கை, மணிக்கட்டு என்று ஓரிடம் விடாமல், கண்பரிசோதனைக்கு வந்தவர் கடைசி வரியின் பொடி எழுத்துகளைக் கூட்டி வாசிப்பதுபோல் நிதானமாகத் தடவிப் பார்த்தது. உருண்டையைக் கவ்விக்கொண்டு ஓட்டின் கீழே போயிற்று.

"சட்டை நனையுதுப்பா," என்றாள் மகள்.

அவர் கையை எடுக்கவில்லை. தண்ணீர் சட்டையில் முழங்கை வரை ஏறியது. சற்றைக்கெல்லாம் ஓட்டின் விளிம்பில் ஒரு மீசை மீண்டும் வெளியே நீண்டது.